முடியவில்லை என்று சொல்லத் தெரியாத ஊர்

ஆறு நாடுகளுக்கும் சேர்த்து ஒரே திட்டம். பேரிடர் வந்தால் வெளியாள் வந்து கை தூக்கிவிடும்வரை காத்திருக்காமல் மக்கள் தாங்களே எழுந்து நிற்க வேண்டும். அதற்கு அவர்களைப் பழக்க வேண்டும். அந்தத் திட்டத்துக்கு அவள்தான் ஒருங்கிணைப்பாளர், பதினோரு வருடமாக. வீட்டில் மாமியார் அவளைத் 'தீயணைப்பு' என்றே கூப்பிடுவார்.

"தீயணைப்பு, போன் அடிக்குது பாரு. எந்த நாட்டுல என்ன எரியுதோ."

சாப்பாட்டுத் தட்டுக்கு இடப்பக்கம் ஒரு போன், வலப்பக்கம் ஒரு போன். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் சிரிக்காமல் சொல்வார்: "ஆறு நாட்டை ஒருங்கிணைக்கிறவளுக்கு ரெண்டு செருப்பை ஒரே இடத்துல கழட்டத் தெரியல."

கடந்த ஆறு மாதத்தில் ஐந்து நாடுகள் பொறுப்பாக நடந்துகொண்டன. ஒன்றில் வறட்சி, ஒன்றில் புயல், ஒன்றில் மண்சரிவு என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். ஆறாவது நாட்டிலிருந்து வந்த அறிக்கையில்தான் வில்லங்கம். 'ஏற்பட்ட நெருக்கடி' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தைய அறிக்கையிலும் 'இல்லை'. அதற்கும் முந்தையதிலும் அதேதான். அந்த நாட்டில் திட்டம் நடந்தது ஒரே ஊரில்தான். அங்கிருந்த கள அலுவலருக்கு அலுவலகத்தில் 'இல்லை சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

இயக்குநர் கணினித் திரையில் வந்து உட்கார்ந்தார்.

"நோயே இல்லாதவனுக்கு வைத்தியம் பாத்துக் குணமாக்கினோம்னு எழுத முடியுமாம்மா? நெருக்கடி வந்தாத்தானே மக்கள் மீண்டு வந்தாங்கன்னு காட்ட முடியும்? அந்த ஊர்ல மூணு வருஷமா என்னதான் பண்றாங்க?"

"நிம்மதியா இருக்காங்க போல சார்."

"அதுக்கு நம்ம படிவத்துல கட்டம் இல்லயே. செவ்வாய்க்கிழமை ரெண்டு மதிப்பீட்டாளர்கள் அங்க போறாங்க. அதுக்குள்ள ஒரு நெருக்கடி வேணும். இல்லன்னா அந்த ஆபீசை மூடிட வேண்டியதுதான்."

ஆபீசை மூடினால் இல்லை சாருக்கு வேலை போகும். நேரில் பார்த்திராவிட்டாலும் அவர் குரல் அவளுக்குப் பிடிக்கும். ஆறு நாட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் கத்துகிற கூட்டங்களில் கடைசியாக, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான். வெள்ளிக்கிழமையே விமானம் ஏறினாள்.

சனிக்கிழமை காலை டாக்சிக்காரர் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, "இனிமே படகுங்க," என்றார். படகு அவளை விடுதி வாசலுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது. வரவேற்பறையில் முழங்கால் அளவு தண்ணீர். வரவேற்பாளர் உயரமான முக்காலியில் உட்கார்ந்து, மடியில் பதிவேட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். சாவிகளெல்லாம் அவர் கழுத்தில் மாலையாகத் தொங்கின.

"வெள்ளமா?" என்றாள் பதறிப்போய்.

"இல்லீங்க, தண்ணி. உங்க ரூம் மாடியில. கொஞ்சம் பாத்து வாங்க, அஞ்சாவது படியில வாத்து படுத்திருக்கு."

அறையில் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை.

"கரண்ட் இல்லயா?"

"ஒன்பது நாளாச்சுங்க. ஜன்னல் பெரிசா வெச்சிருக்கோம்ல?"

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெள்ளம் ஒன்று, மின்தடை ஒன்று! ஜன்னலைத் திறந்தால் ஆற்றின் நடுவே இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. பாலத்தைக் காணோம். மூன்று! பதினோரு வருட வேலையில் ஓர் ஊரைப் பார்த்து அவள் இவ்வளவு மகிழ்ந்ததில்லை. மகிழ்ந்த மறுகணமே, 'சீ, இது என்ன புத்தி' என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

பத்து மணிக்கு இல்லை சார் வந்தார். ஒல்லியான மனிதர். கோப்புகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலைமேல் வைத்திருந்தார்.

"இதையெல்லாம் ஏன் சார் எழுதல? பாலமே போயிருக்கே!"

"படகு இருக்கேம்மா." அவர் பையைப் பிரித்து, திட்டத்தின் கையேட்டை எடுத்து, விரல் வைத்துக் காட்டினார். "நீங்கதான இதுல எழுதியிருக்கீங்க? 'நெருக்கடி என்பது, ஒரு சமூகம் தன் சொந்த பலத்தால் சமாளிக்க முடியாத நிகழ்வு.' இவங்க எல்லாத்தையும் சமாளிச்சுடறாங்க. அப்புறம் நான் என்னன்னு எழுத?"

அந்த வாக்கியத்தை எழுத ஆறு நாட்டுக்காரர்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. 'என்பது'வுக்குப் பின்னால் காற்புள்ளி வேண்டும் என்று நாலு மாதம் மல்லுக்கட்டியவள் அவள்தான். இப்போது அந்தக் காற்புள்ளி அவளைப் பார்த்து முறைப்பதுபோல் இருந்தது.

அன்று மதியமே ஊர்க்குழுவைக் கூட்டினார்கள். நூலகத்தின் மாடியில் கூட்டம். கீழ் அலமாரிப் புத்தகங்களெல்லாம் மேலே அடுக்கப்பட்டு, அவையே நாற்காலிகளாகவும் இருந்தன. அவளுக்குச் சட்டப் புத்தகங்களைப் போட்டார்கள், அதுதான் உயரமாம். தையல்காரர், படகுக்காரர், ஒரு நர்சு, ரொட்டிக்கடை நடத்தும் இல்லை சாரின் அக்கா என்று நாலு பேர் வந்திருந்தார்கள்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். உங்களால் சமாளிக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்து, மதிப்பீட்டாளர்கள் வந்து பார்க்கும் இரண்டு மணி நேரமும் அப்படியே இருந்தால் போதும்.

தையல்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "முடியலன்னு எழுதணுமா? எங்க அப்பா காலத்துல தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துச்சும்மா. அப்பவே அந்த வார்த்தைய யாரும் சொன்னதில்ல."

"ஒரு பேச்சுக்குத்தான்..."

"பேச்சுக்குக்கூட வாயில வராதுங்க," என்றார் படகுக்காரர்.

ரொட்டிக்கடை அக்காதான் நடுவில் புகுந்தாள். "என் தம்பி பொழப்பு போயிடும்ங்கிறாங்க. அந்தப் பொண்ணும் எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து கேக்குது. ரெண்டு மணி நேரம் கையாலாகாதவங்களா இருந்தா நமக்கு என்ன கொறைஞ்சிடும்?"

வாக்கெடுப்பு நடந்தது. செவ்வாய்க்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஊர் முழுக்க முடியாமல் இருப்பது என்று முடிவானது. எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஞாயிறும் திங்களும் ஒத்திகை. ஆறு நாட்டு மக்களுக்குத் தைரியம் சொல்லிக் கொடுத்தவள், இங்கே தடுமாறச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. "ஒண்ணும் செய்யாதீங்க, சும்மா நில்லுங்க," என்று கத்தினாள். அவர்களால் முடியவில்லை. கை தானாக எதையாவது தூக்கியது, கட்டியது, துடைத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், பின்கட்டிய கையாலேயே படகுக்காரர் ஒரு வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். அழுவதற்குத் தையல்காரரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கோணியதைப் பார்த்து, வயிற்றுவலி என்று நினைத்து நர்சு மாத்திரை கொடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சரியாகப் பத்து மணிக்கு மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. கரையில் ஊரே வரிசையாகக் கைகட்டி நின்றது. "ஐயோ, என்ன செய்வோம்," என்றது ஒரே குரலில். ஒருங்கிணைப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நெட்டையானவர் படகிலிருந்து கால் வைக்கும்வரை.

வழுக்கியது. ஆள் தண்ணீருக்குள் போய்விட்டார்.

கட்டியிருந்த கைகளெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன. நாலு பேர் குதித்துத் தூக்கினார்கள். நர்சு முதுகைத் தட்டினாள். யாரோ கழற்றிக்கொண்டு போன அவருடைய பூட்சுகள் ரொட்டி அடுப்பின் மேல் காயப்போய்ச் சேர்ந்தன. தையல்காரர் கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டு ஓடினார். பதினோரு மணிக்கு நெட்டையானவர், திரைச்சீலைத் துணியில் தைத்த புதுக் கால்சட்டையுடன், நூலக மாடியில் சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கால்சட்டையில் பெரிய பெரிய சூரியகாந்திப் பூக்கள்.

"ரொம்பச் சரியா இருக்கு," என்றார், காலைத் தூக்கிப் பார்த்து.

ஒருங்கிணைப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். எல்லாம் போயிற்று. இல்லை சார் அவள் பக்கத்தில் வந்து, "விடுங்கம்மா, எனக்குப் படகு ஓட்டத் தெரியும்," என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குட்டையானவர் பேனாவைத் திறந்தார். அவர் கெட்டிக்காரர், நடந்த கூத்தெல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. "நாடகம் போதும். உண்மையச் சொல்லுங்க. இந்த மூணு வருஷத்துல, நிஜமாவே உங்களால முடியாம போனது ஒண்ணுகூட இல்லயா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படகுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு இருக்குங்க."

"என்ன?"

"உங்க படிவம்."

மடை திறந்துகொண்டது. இருபத்தெட்டுப் பக்கம்! மாதாமாதம்! ரொட்டிக்கடை அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "பதினேழாம் பக்கத்துல, 'மேற்கண்ட பதில் கீழ்க்கண்ட பதிலோடு முரண்பட்டால், முரண்படாத பதிலை விளக்குக'ன்னு போட்டிருக்கு. மூணு நாள் உக்காந்தோம்ங்க. ரொட்டி கருகிப்போச்சு."

"எங்களால ஆகலன்னு பக்கத்து ஊர்லேர்ந்து ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரைக் கூட்டிட்டு வந்தோம்," என்றாள் நர்சு. "அவருக்கே ரத்தக்கொதிப்பு ஏறி, அவரை நான் பாக்க வேண்டியதாப்போச்சு."

"தண்ணி வந்தா மாடிக்குப் போவோம்," என்றார் தையல்காரர். "இது வந்தா எங்கங்க போறது?"

இரண்டு நாள் ஒத்திகையில் வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று கொட்டியது.

பதினேழாம் பக்கத்தை எழுதியவள் சட்டப் புத்தகங்களின் மேல் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். ஒரு ரயில் பயணத்தில், இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எழுதிய பக்கம் அது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது. ஆறு நாட்டிலும் யாரும் கேட்கவில்லை. அதனால் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மதிப்பீட்டாளர்கள் இருவரும் கையேட்டைப் புரட்டினார்கள். சமூகம் சொந்த பலத்தால் சமாளிக்கவில்லை, வெளியுதவி வாங்கியிருக்கிறது, உடல்நலப் பாதிப்பு உண்டு, தொழில் இழப்பு உண்டு. குட்டையானவர் நெட்டையானவரைப் பார்த்தார். சூரியகாந்திகள் மெல்ல அசைந்தன.

"மூணாம் நிலை நெருக்கடி," என்றார் நெட்டையானவர். "சந்தேகமே இல்ல."

ஊர் திரும்பி அலுவலகத்துக்குப் போனபோது இயக்குநர் ஆனந்தத்தில் மிதந்துகொண்டிருந்தார். "மூணாம் நிலைம்மா! ஆறு நாட்டுலயும் இதுதான் பெரிசு! உடனே அவசர உதவிக் குழுவ அனுப்பணும்."

"சார், அந்தப் படிவத்த நிறுத்திட்டாலே போதும்..."

"நிறுத்திட்டா நெருக்கடி போயிடுமேம்மா. அப்புறம் எப்படி மீட்கறது?"

பதினாறு பேர் போனார்கள். படிவம் நிரப்பும் பயிற்சியாளர்கள், பயிற்சியைக் கண்காணிப்பவர்கள், மனநல ஆலோசகர் ஒருவர், கூடாரங்கள் வேறு.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. நாலாவது வாரம் அவளே கூப்பிட்டாள். படகுக்காரரின் பாட்டும் வாத்துகளின் சத்தமும் பின்னால் கேட்டன.

"இல்லை சார், என்ன நிலவரம்?"

"வந்தாங்கம்மா. பாவம், ஒண்ணுமே தெரியல. கூடாரத்தத் தண்ணி மேலயே அடிச்சுட்டாங்க. எல்லாரையும் வீட்டுக்கு ஒருத்தரா பிரிச்சு வெச்சிருக்கோம். ரெண்டு பேருக்குக் காய்ச்சல், இப்ப தேவல. கண்காணிக்க வந்தவருக்கு அக்கா மாவு பிசையக் கத்துக்குடுத்திருக்கா, நல்லா வருது. மனநல ஆலோசகர்தான் கொஞ்சம் அழுதுட்டே இருந்தாரு. தையல்காரர்கிட்ட உக்காரவெச்சோம், ரெண்டு பேருமா அழுது முடிச்சுட்டாங்க."

"படிவம்?"

"நனைஞ்சிடுச்சும்மா. தண்ணி வத்தினதும் பாத்துக்கலாம்னு இருக்காங்க. அவங்களே யாரும் அவசரப்படல. நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் மணியைப் பார்த்தாள். மதியம் மூன்றரை. சாப்பிடவில்லை. மேசையில் ஐந்து நாட்டுக் கோப்புகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பதினேழாம் பக்கம் கச்சிதமாக நிரப்பப்பட்டிருந்தது. அங்கெல்லாம் எத்தனை ரொட்டி கருகியதோ, யாரார் அழுதார்களோ.

"இன்னும் எத்தனை பேரை உங்களால தாங்க முடியும் சார்?"

தொலைபேசியை மூடிக்கொண்டு அவர் யாரிடமோ கேட்டார். "இப்ப இருக்கறவங்களோட சேத்து இருபது பேர் வரைக்கும் சமாளிக்கலாம்ங்கறா அக்கா. வர்றவங்கள ரப்பர் செருப்பு போட்டுட்டு வரச் சொல்லுங்க. பூட்ஸ் வேண்டாம், காயறதுக்கு நாளாகுது."

அவள் அன்று மாலையே இரண்டாவது குழுவின் பட்டியலைத் தட்டச்சு செய்தாள். நாலு பேருக்குத்தான் இடம் இருந்தது. இயக்குநரின் உதவியாளர் ஒருவர், பத்து வருடமாக விடுப்பே எடுக்காத தரவுப் பிரிவுக்காரர், ஐந்து நாட்டுப் படிவங்களையும் சரிபார்த்துச் சரிபார்த்துக் கண் மங்கிப்போன ஒரு பெண். நாலாவது வரியில் கொஞ்ச நேரம் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. 'பதவி' என்ற கட்டத்தில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று அடித்தாள். 'பாதிப்பின் தன்மை' என்ற கட்டத்தில் 'சமாளிக்க முடியவில்லை' என்று அடித்தாள். அடித்ததும், நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது.

வீட்டில் பெட்டி கட்டும்போது மாமியார் வாசற்படியில் வந்து நின்றார்.

"இந்த வாட்டி எந்த நாட்டைக் காப்பாத்தப் போற?"

"இல்ல அத்தை. அவங்க என்னைக் காப்பாத்தறாங்களாம்."

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு போன்களும் கட்டிலில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தன. அவர் இரண்டையும் எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"போயிட்டு வா. எவனாவது கேட்டா நான் சொல்லிக்கறேன்."