வெடிக்காத தால்பூரி

தேய்க்கும்போது ஒரு கீறலும் இல்லாத தால்பூரி, தோசைக்கல்லில் விழுந்ததும் நடுவில் வெடித்தது. உள்ளே வைத்த பருப்பு வழிந்து கருகியது. முன்பு போட்டவையும் இப்படித்தான் ஆயின.

கெல்வின் வீராசாமி, கத்தாரின் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் நீராவிக் குழாய்களைக் கவனிக்கும் எஞ்சினியர். பிறந்தது டிரினிடாட் தீவில். முன்னோர் மதராஸிலிருந்து அங்கே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள். தோஹா கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்து அவரிடம் இந்தியில் பேசுவார்கள். தெரியாது என்றால் திமிர் என்பார்கள். தமிழே திருச்சிக்காரியான மனைவி சங்கீதாவிடம் கற்றதுதான்.

மறுநாள் மகள் தன்யாவின் பள்ளியில் நாடுகள் தினம். போன வருடம் டீச்சர் விசாரிக்காமலே அவளை இந்தியா மேசையில் நிறுத்திவிட்டார். இந்த முறை அப்பாவின் நாட்டுக்கென்று ஒரு மேசை கேட்டு வாங்கியிருந்தாள். அதில் வைக்கத்தான் அந்த ஊர்ப் பருப்பு ரொட்டியான தால்பூரி.

"விடுங்கப்பா. இட்லி எடுத்துட்டு இந்தியா ஸ்டால்லயே நின்னுக்கறேன்."

"இரு. ஏன் வெடிக்குதுன்னு பாப்போம்."

"உன் பிளான்ட்ல குழாய் வெடிச்சாலும் இப்படித்தான் நின்னு ரசிப்பியா?" என்றாள் சங்கீதா.

கெல்வின் வெடித்ததைப் பிரித்துப் பார்த்தார். ஈரப் பருப்பு பசைபோல இரண்டு அடுக்கையும் ஒட்டியிருந்தது. மாவில் எழும் ஆவி பரவ இடமில்லாமல், மெல்லிய இடத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது. நடுவில் காய்ந்த பொடி இருந்தால் அடுக்குகள் பிரியும். ஆவி பரவி, ரொட்டி முழுதாக உப்பும்.

"பருப்ப எப்படி வேகவெச்ச?"

"குக்கர்ல நாலு விசில். குழைய வேணாமா?"

"டிரினிடாட்ல எங்க வீட்டுல குக்கரே கிடையாது, சங்கீ. சட்டியிலதான்."

புதிதாகச் சட்டியில் வெந்த பருப்பைச் சங்கீதா கிள்ளிப் பார்த்தாள். "அரைவேக்காடு. இதையா புள்ளைங்களுக்குக் குடுப்ப?"

"மிச்சம் கல்லுல வேகும்."

அடுத்த தால்பூரி கல்லில் மெல்ல உப்பியது. வெடிக்கவில்லை.

மறுநாள் இந்தியா மேசையிலிருந்து வந்த ஜுபைதா ஆன்ட்டி ஒன்றைத் தின்றுவிட்டு, "உள்ள பருப்பு வெச்சும் கிழியலையே, எப்படிடீ?" என்றார்.

டிரினிடாட் கொடிக்குக் கீழே நின்ற தன்யா அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எங்க ஊர்ல குக்கர்ல வைக்க மாட்டோம், ஆன்ட்டி. பட்டாணிப் பருப்ப சட்டியில வேகவைக்கணும். கிள்ளினா உடையணும், நசுங்கக் கூடாது. தண்ணிய வடிச்சு, நல்லா ஆறவிட்டு, பொடியா அரைச்சு உள்ள வைக்கணும்."