எதிரியைத் தெரியுமா?

1

இந்தக் கதை ஊர்காவற்றுறை பஸ்ஸில் என் காதில் விழுந்தது. முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “கோட்டிலை என்ர தம்பியை எதிரி, எதிரி எண்டுதான் சொன்னவை.” வேலணையில் இருவரும் இறங்கிவிட்டார்கள். மிச்சம் நான் இட்டுக்கட்டியது. என்னையும் முழுதாக நம்ப வேண்டாம்.

2

மேரிசுகந்தி கடலை வெறித்துப் பார்த்தபடி

(வேண்டாம். வலை எரிந்த வீட்டில் கடல் பார்க்க யாருக்கு நேரம்?)

கரம்பொனில் மேரிசுகந்தியின் வலைக் கொட்டில் ஒரு விடிகாலையில் எரிந்துபோனது. புருசன் கடலோடு போனபிறகு அந்த வலைகளைக் கடற்தொழிலுக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தாள். பொலிசில் அவள் ஒருவர் பெயரும் சொல்லவில்லை. அவர்களாகவே விசாரித்து அவளுடைய தம்பி றெக்ஷனைப் பிடித்தார்கள். அவளுக்குச் சீதனமாக வந்த வளவில் தனக்கும் பாதி வேண்டுமென்று அவன் கத்தியது அயலுக்கெல்லாம் கேட்டிருந்தது.

3

வழக்கு நாளன்று மேரிசுகந்தி கோட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினாள். வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி கேட்டார்:

“எதிரியை உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு எதிரியெண்டு ஒருத்தரும் இல்லை ஐயா.”

“அந்தா நிக்கிறாரே, அவர்.”

“அது என்ர தம்பி!”

பின்வாங்கில் சிரிப்பு. நீதவான் சிரிக்கவில்லை. “அம்மா, இங்கே எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அவர்தான் செய்தார் என்றும் இல்லை, உங்களுக்குப் பகை என்றும் இல்லை.”

“ஓம் ஐயா.”

[சட்ட அகராதி நீதவான் பக்கம். எனக்கு மட்டும் ஏனோ சந்தேகம். ஒரு சொல்லைக் கோட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர யாருக்கு ஏலும்?]

றெக்ஷன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமா, வேறெதுவுமா? அதுவரை அவன்மேல் ஒரு சந்தேகமும் இல்லாதவள், திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக நினைத்தாள். நெருப்பென்று அயலே ஓடிவந்தபோது அவன் ஏன் கடைசியாக வந்தான்? எரிந்த வலைகளைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் கேட்கவில்லை?

4

(இங்கே உண்மையான குற்றவாளி ஒருவரைக் கொண்டுவரப் பார்த்தேன். சரவணையில் ஒரு மீன் வியாபாரி, பழைய கோபம்... எனக்கே நம்பிக்கை வரவில்லை. வெட்டிவிட்டேன்.)

சாட்சியம் போதாதென்று எதிரியை விடுதலை செய்தார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவன் அக்கா வீட்டுக்கு வந்தான். அவள் பிள்ளைகளை அறைக்குள் அனுப்பிவிட்டுச் சோறு போட்டாள். சொதி ஊற்றும்போதும் அறைக் கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அவன் அதைக் கண்டுவிட்டான்.

“நான்தான் செய்தனான் எண்டு நினைக்கிறியளோ அக்கா?”

“கோட்டிலை இல்லையெண்டுதானே சொன்னவை.”

“நான் கோட்டைக் கேக்கேல்லை.”

அவள் சோற்றுப் பானையை எடுக்கத் திரும்பினாள். அவன் பாதிச் சோற்றில் எழும்பிக் கை கழுவினான். வாசல் படலையடியில் நின்று திரும்பினான்.

“புது வலை வாங்கினால் வெளியிலை வையாதேங்கோ. வீட்டுக்குள்ளை வையுங்கோ.”

5

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சுகந்தி ஓடிப்போய் அவனைக் கூப்பிட்டாள். மற்றதில் படலைக்குப் பூட்டுப் போட்டாள். இரண்டிலும் அவன் சொன்னதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை.

இரண்டையும் கிழித்துவிட்டேன். அவன் சொன்னது உங்களுக்கு எப்படிக் கேட்டதென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கெதியாகச் சொல்லுங்கள். பூட்டு அவள் கையில் இருக்கிறது. அவன் இன்னும் ஒழுங்கையால் நடந்துபோய் முடக்கில் திரும்பவில்லை.