இரட்டைச்சுழி

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: கொலையொன்றைக் கண்ணால் கண்ட சாட்சி, பகைவர் நெருங்கவொண்ணாத இடத்தில், அரசின் நேரடிப் பாதுகாப்பில், சகல மரியாதைகளுடனும் வைக்கப்பட்டிருக்கிறார். இடம், ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்துச் சலவைக்கூடம். மரியாதை, ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குவது.

சாட்சி ஒரு சலூன்காரர். கத்தரிக்கோலும் வாயும் ஒரே தாளத்தில் ஓடப் பழகியவர். பாதி முகத்தில் சோப்பு இருக்கிறவன் எழுந்து ஓடிவிடவா முடியும்? எனவே எல்லோரும் அவர் சொல்வதைக் கேட்டார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் லாரி டிரைவர். கூலியை உயர்த்தும்வரை வண்டி எடுப்பதில்லையென்று மற்ற டிரைவர்களை ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தவர். அன்று ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது. சலூன்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் கதவு திறந்தது. அரிவாள் பிடித்த ஒரு கை டிரைவரின் தலைக்குமேல் உயர்ந்து இறங்கியது. வந்தவன் திரும்பி வெளியேறினான். முகமும் தெரிந்தது. ஆனால் முகமே தேவைப்படவில்லை. பின்னந்தலையில் இரட்டைச்சுழி. அதைத் தண்ணீர் தெளித்துப் படியவைத்து, "ரெட்டைச்சுழிக்கு ரெண்டு பொண்டாட்டின்னு சொல்லுவாங்க முதலாளி" என்று ஒவ்வொரு தடவையும் அதே பழைய ஜோக்கைச் சொல்பவர் அவர்தான். லாரிகளுக்குச் சொந்தக்காரரான காண்டிராக்டரின் தலை அது.

"எந்தக் கையில வெட்டினாரு?" என்று சாட்சிப் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி கேட்டார்.

"கண்ணாடியில எடது கை சார். அப்படின்னா நெசத்துல வலது கை."

அதிகாரி அதை எழுதி, அடித்து, தன் இரு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, மறுபடி எழுதினார்.

"ஊர்க்கதையெல்லாம் ஒப்பிச்ச வாய்க்கு இந்த ஒண்ணை முழுங்கத் தெரியலையா?" என்று அழுதுகொண்டே மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சலூன்காரருக்குப் புதுப் பெயர், புது ஊர், வாஷ்பேசினோடு ஓர் அறை. அவளோடு பேசக் கூடாது. கத்தரிக்கோலைத் தொடக் கூடாது. "கோர்ட்ல சொன்ன மறுநாளே உங்களுக்கு வேற ஊர்ல சலூன் வெச்சுத் தர்றோம். சம்சாரத்தையும் கூட்டியாந்து விட்டுடறோம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்றார் அதிகாரி. சலவைக்கூட மேஸ்திரியிடமும், "இவர் பேசமாட்டார்" என்று சொல்லிவைத்தார்.

மேஸ்திரி அதை டாக்டர் சர்டிபிகேட்டாகவே எடுத்துக்கொண்டார். சலூன்காரர் அன்றே ஊமையானார். இல்லையென்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

வேலை கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் தலைகள்தான். மேஸ்திரியின் பிடரியை எவனோ எலி கொறித்ததுபோல் வெட்டியிருந்தான்; அதைப் பார்க்கும்போதெல்லாம் சலூன்காரரின் கட்டைவிரலும் மோதிரவிரலும் தாமாகத் திறந்து மூடின. விடுமுறை நாட்களில் ஏதாவதொரு சலூனின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்போல் நின்றார். உள்ளே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அறைக்குத் திரும்பி, வாஷ்பேசின் கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத் தானே தாடியை மழித்துக்கொண்டார். தடவித் தடவி மழித்ததில் காதோரம் எப்போதும் ஒரு கீறல் இருந்தது.

அவரிடம் பேச ஒரே ஓர் ஆள் இருந்தாள்: பெரிய சலவை இயந்திரத்தை ஓட்டும் மெஷின் அக்கா. வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாததால் அவரைத் தம்பி என்றாள். சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறக்கும்போதே வாயையும் திறப்பாள்.

"சுவத்துக்குக்கூடக் காது இருக்கும்பாங்க தம்பி. உனக்குக் காதுமில்ல, வாயுமில்ல. நீ சுவத்தைவிட ஒசத்தி."

ஊமைகளுக்குக் காதும் மந்தம் என்பது அவள் நம்பிக்கை. அந்தத் தைரியத்தில் ஒருநாள் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காருன்னு இங்க எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். எந்த வெளிநாடு? மூணு தெரு தள்ளி இன்னொருத்தி வீட்டுல இருக்காரு. எதிர்ல வந்தா நான் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவேன். அவரு செருப்பைப் பார்த்துக்கிட்டே போவாரு." சிரித்தாள். பிறகு தூக்குவாளி மூடியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சலூன்காரரின் நாக்கு நுனியில் அந்தப் பழைய ஜோக் வந்து நின்றது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினார். அன்று முழுக்க அவருக்கு ஏப்பமாக வந்தது.

கோடை போய், மழை போய், மறுபடி கோடை வந்தது. வண்டி தள்ளும்போது சாட்சியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார்: கண்ணாடியில் எடது, நெசத்தில் வலது.

ஒரு முற்பகல் அதிகாரி சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டார். இயந்திரங்கள் எல்லாம் ஒருசேரப் பிழிந்துகொண்டிருந்த இரைச்சலில், சலூன்காரரின் காதருகே வாயை வைத்துக் கத்தினார்.

"கேஸ் முடிஞ்சுது! விடுதலை!"

"யாருக்கு?" என்று சலூன்காரரும் கத்தினார். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

"காண்டிராக்டருக்கு. சாட்சி வரலையே!"

"என்னைக் கூப்பிடவே இல்லையே சார்!"

"சம்மன் உங்க பழைய வீட்டுக்குப் போயிருக்கு. ஆளைக் காணோம்னு திரும்பி வந்துடுச்சு."

"நீங்கதானே சார் என்னைக் காணாம வெச்சீங்க?"

"ஒளிச்சு வெக்கிறது எங்க பிரிவு. தேடிக் கண்டுபிடிக்கிறது வேற பிரிவு." எங்கள் வேலையில் ஒரு குறை கண்டுபிடி பார்க்கலாம் என்கிற பெருமிதம் அதிகாரியின் முகத்தில் இருந்தது. "கேஸ் இல்லேன்னா சாட்சி இல்ல. சாட்சி இல்லேன்னா பாதுகாப்பு இல்ல. மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க."

"சலூன்? என் சம்சாரம்?"

"அது கோர்ட்ல சொன்னா குடுக்கறதுங்க. நீங்கதான் சொல்லலையே!"

சலூன்காரர் தள்ளுவண்டியின் விளிம்பை இரு கைகளாலும் பற்றினார். ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளேயே புரண்டுகொண்டிருந்தது மொத்தமாக மேலே வந்தது. "நான் பார்த்தேன்! அந்த ஆளுதான் வெட்டினாரு! கண்ணாடியில எடது கை, நெசத்துல வலது கை! ரெட்டைச்சுழி! நான் பார்த்தேன்!"

பாதியிலேயே மேஸ்திரி சாப்பாட்டுக்காக மெயின் சுவிட்சை அணைத்திருந்தார். கடைசி 'நான் பார்த்தேன்' நிசப்தத்தில் கூடம் முழுக்கக் கேட்டது. போர்வை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் மடித்த கையோடு நின்றார்கள். அதிகாரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறிப் போனார்.

மெஷின் அக்கா தூக்குவாளியோடு எதிரே வந்து நின்றாள்.

"தம்பி... நீ பேசுவியா?"

அவளிடம் சொல்வதற்கு ஒரு வருஷத்துச் சேமிப்பு இருந்தது. மன்னிச்சிடுங்க என்று தொடங்கியிருக்கலாம். இல்லை, என் பெயர் அதுவல்ல என்று தொடங்கியிருக்கலாம். ஆனால் சலூன்காரரின் வாய், திறந்ததும் முதலில் நின்றதைத்தான் வெளியே விட்டது.

"உங்க வீட்டுக்காரருக்கும் ரெட்டைச்சுழியா அக்கா?"

மடிக்கும் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "ரெட்டைச்சுழின்னா ரெண்டு பொண்டாட்டியில்ல? வெளிநாட்டுலயா அக்கா?"

மெஷின் அக்கா அவளைப் பார்க்கவில்லை. சலூன்காரரையே பார்த்தாள். அவளுடைய கழுத்து மெல்லச் சிவந்தது.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தே?" என்றாள். "சுவருன்னுதானேடா நெனச்சேன்."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போய், முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். சீவி முடிந்த கொண்டையும் அதற்குக் கீழே நரைத்த பூனைமுடியும் மட்டும் தெரிந்தன. சலூன்காரர் அவற்றைப் பார்த்தபடி நின்றார்.

சாப்பாட்டு வேளை முடிந்து இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில் மேஸ்திரி அவர் காதில் கத்தினார்: "பேசத் தெரிஞ்ச ஆளு ஊமைன்னு வேலைக்குச் சேர்ந்திருக்கீங்க. மேல கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

விடுதலையான காண்டிராக்டர் தன் உயிருக்கு ஆபத்து இருப்பதாக மனுக் கொடுத்திருந்தார். வருகிற திங்கள்கிழமையிலிருந்து அதிகாரிக்கு அவர் வீட்டு வாசலில் காவல் வேலை.