ஆறு ருஷ்ய விமானங்களுக்கு என்ன வர்ணம்

1943 பங்குனியில் கீழச் சித்திரை வீதிக்கு இரண்டே பேச்சு. பர்மாவில் காணாமல் போன பராசரனுக்குக் கருமம் எப்போது என்பது ஒன்று. அவன் பெண்டாட்டி வத்ஸலா ருஷ்ய விமானங்களுக்கு வர்ணம் அடித்து எப்போது முடிப்பாள் என்பது மற்றது. இரண்டும் ஒரே கேள்விதான் என்று தெருவுக்குப் புரியச் சில நாள் பிடித்தது.

விமானம் என்றால் நிஜ விமானம் இல்லை. முழங்கை நீளத்தில் மரத்தில் இழைத்த பொம்மைகள், ஆறு. தலைக்கு மேலே பறப்பவன் எதிரியா, நம் பக்கத்து ஆளா என்று ஜனங்கள் அடையாளம் தெரிந்துகொள்ள டவுனில் யுத்தக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். ஜப்பான் விமானங்களும் இங்கிலீஷ் விமானங்களும் வேறு யாருக்கோ போய்விட, மிஞ்சிய ருஷ்ய விமானங்கள் ரிடையர்டு டிராயிங் மாஸ்டர் சௌரிராஜனுக்கு வந்தன. ருஷ்யாக்காரன் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்துக்கு மேலே எதற்கு வரப்போகிறான் என்று மாஸ்டர் கேட்கவில்லை. சர்க்கார் காகிதம் வந்த பெருமை அவருக்கு. ஆனால் இரண்டு கண்ணிலும் புரை. பச்சையையும் பழுப்பையும் மூக்குக்கு நேரே பிடித்தாலும் பிரிக்கத் தெரியாது. தெருவே அறிந்த அந்த ரகசியத்தை அவர் மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஆகவே வர்ணம் மாட்டுப்பெண் வத்ஸலா கைக்கு வந்தது.

பராசரன் அவருடைய ஒரே பிள்ளை. ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. குண்டு விழுந்த பிறகு ஊரை நோக்கி நடக்க ஆரம்பித்தவர்களில் அவனும் ஒருவன். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. அதே கம்பெனியில் ஸ்டோர் பார்த்த பாலக்கரை கிளமென்ட் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். லாரியில் வரும்போது, பொழுது சாயும் நேரத்தில், வயலோரம் பராசரன் விழுந்து கிடந்ததைப் பார்த்தேன், அந்தப் பச்சைச் சட்டையை வைத்துத் தெரிந்துகொண்டேன், லாரி நிற்கவில்லை என்று சொன்னார்.

காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். பார்த்த சாட்சி இருந்தால் வேண்டாம். தர்ப்பையும் புரச இலையும் கொண்டு ஓர் உருவம் செய்து தகனம் பண்ணிவிடலாம். பத்தாம் நாள் வத்ஸலாவின் திருமாங்கல்யமும் தலைமயிரும் போகும். இதையெல்லாம் நினைவுபடுத்தியவர் பங்காளி சாரங்கபாணி. அவர் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். நடுவில் தீட்டு வந்து விழக்கூடாதே என்று கவலை. தினமும் வந்து உட்கார்ந்து, சித்திரைக்குள் முடித்துவிடு என்றார். கண்காட்சி வேலை முடியட்டும், மறுநாளே நாள் பார்க்கிறேன் என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வர்ணம் முடியவில்லை.

கண்காட்சிக்காரர்கள் கொடுத்த பத்திரிகையில் படங்கள் கறுப்பு வெள்ளை. கீழே இரண்டு வரி: மேற்புறம் கரும்பச்சையும் கறுப்பும் திட்டுத்திட்டாக, அடியில் வெளிர்நீலம், பனிக்காலத்தில் முழுக்க வெள்ளை. கரும்பச்சை என்றால் எது? வெற்றிலையா, குளத்துப் பாசியா? வத்ஸலா உடைந்த ஓடுகளில் பூசிப் பார்த்தாள். ஈரத்தில் சரியாக இருப்பது காய்ந்ததும் வேறாகிவிடும். சுரண்டுவாள், மறுபடி கலப்பாள். நீலத்துக்காக மொட்டை மாடி ஏறி ஆகாயத்தைப் பார்த்தால், பங்குனி வெயிலில் அது வெளுத்துக் கிடந்தது. வெள்ளைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இறக்கைகளில் போடவேண்டிய ருஷ்ய நட்சத்திரத்துச் சிவப்புக்கு மட்டும் யோசிக்கவில்லை. மாமனார் நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் ஸ்ரீசூர்ணத்தை எண்ணெயில் குழைத்துத் தீட்டிவிட்டாள். ருஷ்யாக்காரனுக்குத் திருமண் காப்பு ஆயிற்று என்று தெரு சிரித்தது.

நாளைக் கடத்துகிறாள் என்று எதிர்வீட்டு ரங்கம்மா கிணற்றடியில் தீர்ப்புச் சொன்னாள். கடத்துகிறோமா என்று வத்ஸலாவுக்கே தெரியவில்லை. அவர் இருக்கிறாரா என்று தனக்குள் கேட்டால் பதில் வராது. அழுகையும் வராது. எந்தப் பச்சை என்று கேட்டால் மட்டும் ஏதோ ஒன்று அசைந்து பதில் சொல்லிற்று.

கிளமென்ட் இப்போது டவுனில் ஏ.ஆர்.பி. வார்டன்; குண்டு விழுந்தால் ஜனங்களைக் காப்பாற்றும் சர்க்கார் வேலை. ஏன் தாமதம் என்று பார்த்துவர அவரையே அனுப்பினார்கள். ஓடுகளையும் கிண்ணங்களையும் பார்த்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு பாடு? எல்லாத்துக்கும் கறுப்பு அடிச்சாப் போதும்னு சொல்லச் சொன்னாங்க. தூரத்துல பச்சையாவது நீலமாவது, ஒண்ணும் தெரியாது. உருவம் மட்டுந்தான் தெரியும்."

வத்ஸலா கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தாள். "எத்தனை தூரத்துல தெரியாமப் போகும்?"

"ரெண்டு பர்லாங் போனா எல்லாம் கறுப்புதாம்மா. பொழுது சாஞ்சுட்டா அந்தத் தூரங்கூட வேணாம்."

"லாரிக்கும் அந்த வயலுக்கும் எத்தனை தூரம் இருக்கும்?"

கிளமென்ட் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். மாஸ்டர் பிரஷ்ஷைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

"இருக்கும்மா, ரெண்டு மூணு பர்லாங்."

"அப்போ சட்டை பச்சைன்னு எப்படித் தெரிஞ்சுது?" அவள் குரலில் கோபம் இல்லை. மளிகைக் கடையில் விலை கேட்பதுபோல் கேட்டாள்.

கிளமென்ட் சொன்னார்: "அவர் பச்சைச் சட்டை போட்டுக்கிட்டுப் புறப்பட்டது தெரியும். கெடந்த ஆளைப் பார்த்ததும் அவராத்தான் இருக்கும்னு மனசுல விழுந்துருச்சு. அதுக்கப்புறம் பச்சையாவே ஞாபகம் இருக்கும்மா. பொய் சொல்லணும்னு சொல்லலை."

அன்று சாயங்காலமே மாஸ்டர், கருமம் செய்துவைக்கும் வாத்தியாரைப் போய்ப் பார்த்தார். நிச்சயமில்லாத சாட்சி சாட்சியே ஆகாது, பன்னிரண்டு வருஷம்தான் என்று அவர் சொல்லிவிட்டார். சாரங்கபாணிக்கு வந்த கோபத்தில் அங்கவஸ்திரத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார். ஆனாலும் வைகாசிக்குத் தீட்டு இல்லை என்பது வீடு போய்ச் சேர்வதற்குள் உறைத்திருக்க வேண்டும். மறுநாள் அங்கவஸ்திரம் வாங்கிப்போக வந்தவர் சிரித்த முகமாக இருந்தார். மாஸ்டர் சந்தோஷப்பட்டாரா என்றால், அதுவும் இல்லை. பிள்ளை போய்விட்டான் என்று ஒருவழியாகப் படித்து முடித்த பாடத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் யார்தான் சந்தோஷப்படுவார்கள்? பன்னிரண்டு வருஷம் முடிவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநாலில். ஐம்பத்துநாலு, ஐம்பத்துநாலு என்று இரண்டு நாள் முணுமுணுத்தார்.

கிளமென்ட் வந்துபோன மறுநாள் காலை வத்ஸலா கறுப்பு டப்பாவைத் திறந்தாள். நட்சத்திரங்களின் மேலும் சேர்த்து அடித்தாள். கறுப்பில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. மூன்று மணிக்குள் ஆறும் முடிந்துவிட்டன. பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுத் தண்ணீர் சேந்தப் போனாள்.

கிணற்றடியில் ரங்கம்மா அவள் தோளைத் தொட்டு, பெருமாள் காப்பாத்தினார், இனிமே என்னடீ பண்ணப்போறே என்று கேட்டாள்.

"ராத்திரிக்கு ரசமா குழம்பான்னு யோசிச்சிண்டிருக்கேன் மாமி" என்றாள் வத்ஸலா.

கல் நெஞ்சு என்று பாதித் தெரு சொல்லிற்று. பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று மீதித் தெரு சொல்லிற்று. அன்று அவள் ரசம்தான் வைத்தாள்.