கடைப் பற்றரியில் ஓடும் கமரா

“போனில எடுத்தாப் படம் விழாதோ?” என்று தேவராசா மூன்றாவது தடவையாகக் கத்தியபோது, பக்கத்து வீட்டு ஜெஸீமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குழாயை மெல்லப் பூட்டினாள். தண்ணீர்ச் சத்தத்தில் மறுமொழி தவறிப்போய்விடக் கூடாதே.

தங்கை கோசலாவின் மறுமொழி வந்தது. “போன் கையில இருந்தா நீங்கள் மணிக்கொருக்கா கோல் எடுப்பியள், அண்ணை. நான் அதை நிப்பாட்டித்தான் வைக்கப்போறன். அதுதான் கமரா கேக்கிறன்.”

கோசலாவுக்கு முப்பத்தாறு வயது. கண்டியில் நில அளவை அலுவலகமொன்றில் படம் வரைகிறவள். கட்டுகஸ்தோட்டையில் அண்ணன் தேவராசாவோடும் அண்ணி சத்தியபாமாவோடும் இருந்தாள். பதினொரு வருடமாக மலைநாட்டு மலைகளைக் கோடு கோடாகப் பார்த்தவளுக்கு, அந்தக் கோடுகளின் மேல் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஹந்தானையில் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் ஹப்புத்தளை வரை, முதுகில் ஒரு பையோடு, தனியே. இரண்டு கிழமை லீவும் எழுதியாகிவிட்டது. இரவில் பள்ளிக்கூட விறாந்தை, கோயில் மண்டபம், ஒன்றும் கிடைக்காவிட்டால் கூடாரம்.

பெண் பார்க்க வந்த மூன்று பேரைத் தேநீரோடு அனுப்பிவைத்தவள் அவள். மூன்று என்பது ஒழுங்கைச் சனத்துக்குத் தெரிந்த கணக்கு. அப்படிப்பட்டவள் இப்போது மலையேறப் போகிறாள் என்றால் அண்ணன்காரனுக்குத் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்? அன்று அவர் கட்டிய தொண்டையோடுதான் படுத்தார்.

விடிந்ததும் ஆள் மாறியிருந்தார். பாணைச் சம்பலில் தொட்டுக்கொண்டே, சரி, கமரா வாங்குவோம், நல்லதாகவே வாங்குவோம், தன் செலவு என்றார். சத்தியபாமாவும் தலையாட்டினாள். இருவரும் ஒரே நேரத்தில் இளகியதை முந்தி எப்போதும் கண்டிராததால் கோசலாவுக்குப் பாண் இறங்கவில்லை. ஆனாலும் கமரா கமராதானே. பின்னேரம் பாலத்தடியில் இருந்த அரூஸின் கடைக்கு அண்ணனோடு போனாள். ஜெஸீமாவுக்கும் அதே பின்னேரத்தில், அதே கடையில், போனுக்கு ஒரு வயர் வாங்க வேண்டி வந்தது.

கமரா ஏற்கெனவே கண்ணாடி மேசையில் காத்திருந்தது. புத்தம் புதியது, உள்ளங்கைக்குள் அடங்குவது, பாரமே இல்லாதது. கோசலா அதன் வழியாகப் பாலத்தைப் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸின் எழுத்துக்கள் கூட வாசிக்கக்கூடியதாக வந்தன. மனம் போய்விட்டது. சின்னப் பெட்டியில் இருந்த சார்ஜரை அரூஸ் எடுத்து நீட்டினார். நல்ல மனிதர், வாயில் மட்டும் ஒன்றும் தங்காது.

“வீடியோவும் எடுத்தா ஒரு நாள்தான் தாங்கும், தங்கச்சி. ராவைக்குச் செருகிட்டா விடியக்குள்ள ரெடி. ஒங்களுக்கென்ன, ஒவ்வொரு ராவும் சொந்தக்காரர் வீடுதானே. கொட்டகலையில ரெண்டு ராவாமே, ஐயா சொன்னாரு.”

தேவராசா கூரையில் எதையோ தேடினார்.

கொட்டகலையில் இருப்பது சத்தியபாமாவின் அக்கா வீடு. அங்கே இந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து பெண் தேடி சுஜந்தன் என்றொருவர் வந்து நிற்கிறார் என்று அண்ணி போனில் குசுகுசுத்தது சுவருக்கு இந்தப் பக்கம் கோசலாவின் அறைக்கும் கேட்டிருந்தது. கோசலாவின் கணக்கு நொடியில் முடிந்தது. இந்தக் கமராவை வாங்கினால் இரவுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு வீடு வேண்டும். வீடுகளின் பட்டியல் அண்ணனின் சட்டைப்பையில் இருக்கிறது. கொட்டகலையில் இரண்டாவது இரவு தட்டில் பலகாரத்தோடு தன்னையும் கொண்டுபோய் சுஜந்தனுக்கு முன்னால் வைப்பார்கள்.

கமராவை மேசையில் திருப்பி வைத்துவிட்டு அரூஸிடம் கேட்டாள்.

“நானா, கடையில விக்கிற பற்றரி போடுற கமரா இருக்கோ?”

அதையெல்லாம் இப்போது யார் தேடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அரூஸ் அலுமாரியின் அடித்தட்டைக் கிண்டினார். சவர்க்காரக் கட்டி போல் தடித்த, மூலை தேய்ந்த ஒன்று வந்தது. விரல் பருமனில் இரண்டு பற்றரி போட்டால் வேலை செய்யும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றார் தேவராசா. அரூஸும், தோட்டத்துக் கடைகளில் டோர்ச்சுக்கு விற்கிற மலிவுப் பற்றரி பத்துப் படத்துக்கு மேல் தாங்காது என்று உண்மையைச் சொன்னார்.

“எண்ணிப் பாப்பம்” என்றாள் கோசலா.

கடை நடுவில் நின்று எண்ணத் தொடங்கினாள். மலிவுப் பற்றரி பதினாலாவது படத்தில் கண்ணை மூடியது. நல்ல அல்கலைன் பற்றரி இரண்டைப் போட்டாள். பிளாஷ் வெளிச்சம் வெட்ட வெட்ட, வேறு ஆள் இல்லாததால் அண்ணனையே எடுத்தாள். முதலில் முறைத்தபடி, பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, பிறகு கதிரை கேட்டு உட்கார்ந்தபடி. ஜெஸீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நான்கு படங்களுக்குள் வந்தாள். நூற்றிருபதைத் தாண்டியும் பற்றரி உயிரோடிருந்தது. குளிர் ஊர்களில் அதைச் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொண்டால் இன்னும் தாங்கும் என்று அரூஸ் சொல்லிக்கொடுத்தார்.

சார்ஜ் பண்ணக்கூடிய விரல் பற்றரியும் இருக்கிறதே என்று தேவராசா கடைசியாக ஒரு கயிறு போட்டுப் பார்த்தார்.

“செருகிற ஒண்டும் வேண்டாம், அண்ணை. கொட்டகலைக்குச் சொல்லிவிடுங்கோ. அந்தப் பக்கத்தாலதான் நடந்து போவன். வாசலுக்கு வரமாட்டன்.”

மூன்று சோடி அல்கலைனோடு தடித்த கமராவைத் தன் காசிலேயே வாங்கினாள். அடுத்த திங்கள் விடியற்காலை ஹந்தானை வழியாக ஏறிப்போய்விட்டாள்.

தேவராசா கொட்டகலைக்குச் சொல்லவில்லை. எப்படியும் மழை அவளை உள்ளே தள்ளும் என்று நம்பியிருந்தார். மழை பெய்யத்தான் செய்தது. கோசலா ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூட விறாந்தையில் காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த நாள் மத்தியானம் அந்த வீட்டுக்கு மேலே உள்ள தேயிலை மலையைக் கடந்தாள். நின்று ஒரு படம் எடுத்தாள். முற்றத்தில் வரிசையாகக் கதிரைகள். ஒன்றில் சுஜந்தன், பாதையைப் பார்த்தபடி. பக்கத்தில் தட்டோடு அந்த வீட்டு மகள் தர்சிகா.

அவளுக்காகக் காத்திருந்த இரண்டு நாளும் சுஜந்தனுக்குத் தேநீர் ஊற்றியது தர்சிகாதான். தை மாதம் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. சித்திரைக்குள் இருவரும் ரொறன்ரோ போய்விட்டார்கள். கோசலா அந்த முற்றத்துப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தாள். சத்தியபாமா கல்யாணச் சாப்பாட்டில் பாயாசத்தை மட்டும் தொடவில்லை.

கோசலா பதுளைக்கு மாற்றம் கேட்டு வாங்கி, ஹப்புத்தளையில் அறை எடுத்துப் போய்விட்டாள். அங்கே அவள் கூட வேலை செய்கிற ஒருவரைக் கல்யாணம் முடித்துவிட்டாள் என்று ஜெஸீமா சொல்கிறாள். யாருக்கும் அழைப்பு வந்ததாகத் தெரியவில்லை. தேவராசாவிடம் கேட்டால், அவளுடைய போன் நிப்பாட்டிக் கிடக்கிறது என்கிறார்.