பொறி விழாத படம்

சங்கு ஊதுகிறவர் வந்து இறங்கிய பிறகுதான் காளீஸ்வரன் பைக்கை எடுத்தான்.

"மூணு மணிக்கெல்லாம் தூக்கிரணும். வெரசா வந்துரு" என்றார் சித்தப்பா பால்பாண்டி.

பந்தலுக்கு அடியில், ஐஸ் பெட்டிக்குள் தங்கை சினேகா கிடந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அவள் முடிந்துபோனாள்.

பேனரில் போட ஒரு படம் கிடைக்கவில்லை. அவளுடைய போன் பூட்டிக் கிடந்தது. தோழிகளின் போன்களில் இருந்த படங்களில் முயல் காதும் பூனை மீசையும் ஒட்டியிருந்தன. ஆதார் படம் அவளாகவே இல்லை. அம்மா சின்னத்தாய்தான் பரணில் இருந்த கம்பி மத்தாப்புப் பெட்டியை இறக்கச் சொன்னாள்.

அட்டையில் நாலு வயது சினேகா. சின்னத்தாய் மத்தாப்புப் பெட்டி அடைத்த பட்டாசுக் கம்பெனியில், லேபிளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது அவள் பிள்ளையையே நிறுத்திப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு சீசனுக்கும் அதே முகம். நெற்றியில் கம்பெனிப் பெயர். கன்னமெல்லாம் வரைந்த பொறிகள்.

"இதைப் பெருசாப் போட்டு வைங்க."

"மதினி, இருபத்தினாலு வயசுப் பிள்ளைக்குச் சின்னப்பிள்ளைப் படமா? வாறவுக என்ன சொல்லுவாக?" என்றார் பால்பாண்டி.

"ஆஸ்பத்திரியில பாத்த மூஞ்சிதான் கண்ணுக்குள்ளயே நிக்குது, தம்பி. இதப் பாத்தாத்தான் அது போகும்." மகன் பக்கம் திரும்பினாள். "பொறி இல்லாம எடுத்துட்டு வா, காளி. எம்பிள்ளை மூஞ்சில தீ வேண்டாம்."

அந்த லேபிள் அச்சாகும் பிரஸ்ஸில்தான் காளீஸ்வரனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவன் உள்ளே நுழைந்தபோது மிஷினில் அதே லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. தாள் தாளாகச் சினேகா வந்து விழுந்துகொண்டிருந்தாள். மிஷின்காரர் ஊர்க்காவலன் அவனைக் கண்டதும் நிறுத்தினார்.

"ஓட்டுங்கண்ணே. லோடு போகணும்ல."

"போகும்லே. நீ உன் சோலியப் பாரு."

அச்சுப் பிளேட்டுக்குப் போகும் கோப்பில் எழுத்தும் பொறியும் முகத்தோடு ஒட்டிப்போயிருந்தன. மூலப்படம் பிரஸ்ஸின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் டிஸ்க்கில் இருந்தது. அது பழுதாகி நிற்பதற்கு முன்னால் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, துண்டு துண்டாகச் சுருக்கி, ஒரே கோப்பாக வைத்திருந்தான். அதைச் செய்யும் மென்பொருள் இலவசம். யாரும் அதன் நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம். ஒரு குறை மட்டும் இருந்தது. ஒரே ஒரு படம் வேண்டுமென்றாலும் மொத்தத்தையும் விரிக்க வேண்டும். இன்று தொடங்கினால் நாளைக்குத்தான் முடியும்.

பென்டிரைவைச் செருகினால் திறப்பதுபோல, விரிக்காமலே கோப்பைத் திறந்து வேண்டிய துண்டை மட்டும் எடுக்க அவன் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டிருந்தான். வேலை விட்டு வந்தால் வீட்டிலும் அதே நினைப்பு.

"யாருண்ணே சம்பளம் தாரா?" என்று கேட்பாள் சினேகா, சோற்றுத் தட்டைக் கீபோர்டு மேலேயே வைத்து.

"ஒருத்தரும் இல்ல."

"பேர் தெரியாத ஆளுக்கு இம்புட்டு ஒழைக்கிற. தங்கச்சி வண்டிக்குப் பெட்ரோல் போடச் சொன்னா மட்டும் இடுப்பு வலிக்குது."

தன் திருத்தத்தை ஓட்டிப் பார்த்தான். ஏதோ ஒரு துண்டு கெட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுக் கோப்பு மூடிக்கொண்டது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதேதான். ஒரு துண்டு கெட்டதற்கு மொத்தத்தையும் தர மறுத்தது. போன் அடித்தது. பால்பாண்டி. அவன் எடுக்கவில்லை.

நிரலை எல்லோரும் சேர்ந்து திருத்தும் தளத்தைத் திறந்தான். தங்கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அந்தப் பக்கமே போகவில்லை. அவன் எழுதியதற்குக் கீழே யாரோ இன்னொரு திருத்தம் சேர்த்திருந்தார்கள். கெட்ட துண்டைத் தாண்டிப் போய் மீதியைத் திறக்கும். சேர்த்தவர் பெயர் எந்த மொழி எழுத்து என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதை இறக்கி ஓட்டினான்.

திறந்தது.

சில படங்கள் வரவேயில்லை. வந்தவற்றில் சினேகா அழுதாள். ஒன்றில் பாவாடையைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்னொன்றில் சிரித்தாள்.

எழுத்து இல்லை. பொறி இல்லை. பிஞ்சுக் கையில் பற்றவைக்காத கம்பி. அவள் கம்பியைப் பார்க்கவில்லை. படத்தின் இடது ஓரத்தில் பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பையனின் கை மட்டும் நீண்டிருந்தது. மணிக்கட்டில் தழும்பு. விரல்களில் கருப்பட்டி மிட்டாய். லேபிளில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு, அவள் பார்வை போன இடத்தில் மத்தாப்பை வரைந்திருந்தார்கள்.

காளீஸ்வரன் மவுஸிலிருந்து அதே தழும்பு உள்ள தன் கையை எடுத்தான். சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

பிளக்ஸ் கடையில் பெத்தணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தம்பி, ஓரத்துல ஒரு கை நிக்குது. வெட்டிரவா?"

"இருக்கட்டும்ணே."

"யாரு கைன்னு கேப்பாகளே."

அவன் பர்ஸை எடுத்தான். பெத்தணன் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

பேனரோடு வந்தபோது குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சின்னத்தாய் எழுந்து வந்தாள். படத்தின் கன்னத்தை உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த கையைப் பார்த்தாள். பிறகு போய் ஐஸ் பெட்டியருகே உட்கார்ந்துகொண்டாள்.

பால்பாண்டி ஒரு முனையைக் கரண்ட் கம்பத்தில் கட்டினார். மறு முனைக் கயிறு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏலே காளி, அங்கன கட்ட ஒண்ணுமில்ல. தூக்குற வரைக்கும் நீ பிடிச்சுக்கிட்டு நில்லு."

அவன் படத்தின் இடது பக்கம் போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.