ஐநூறுக்கு நூற்றைம்பது

அவள் வேலை முடி பிரிப்பது. பாஸ்போர்ட் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வருகிறவரின் பின்னால் திரைச்சீலை சுருங்கியிருந்தாலும் சுவரில் நிழல் விழுந்திருந்தாலும், எல்லாவற்றையும் கணினியில் அழித்துவிட்டு வெள்ளை போட வேண்டும். காதையும் தோளையும் யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். முடி அப்படியில்லை. சுருட்டை முடிக்காரர் யாராவது வந்து உட்கார்ந்தால் போட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "உனக்கு இன்னிக்கு விருந்துதான்" என்பார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த விருந்தெல்லாம் அவளுக்குச் செரித்துப் போயிருந்தது.

வேலை இல்லாத நேரத்தில் அவள் கிடப்பது மீன் வளர்க்கிறவர்களின் இணைய மன்றம் ஒன்றில். அங்கே அவள் பெயர் ஒத்தச்செதில். வால் அழுகல், வெள்ளைப்புள்ளி, தண்ணீர் கலங்கல் என்று யார் புலம்பினாலும் பதில் எழுதுவாள். நாலு வருஷத்தில் ஆயிரத்து இருநூறு பதில் சேர்ந்திருந்தது.

மன்றத்தில் ஒவ்வொருவர் பதிவுக்குக் கீழும் ஒரு சின்னப் படம் வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் படம் என்பார்கள். அகலம் ஐநூறு பிக்சல் புள்ளி, உயரம் நூற்றைம்பது. அதற்குள் உங்கள் மீனும் உங்கள் பெயரும். ஆளை எடை போடுவதே அதை வைத்துத்தான். அதை அழகாகச் செய்யத் தெரிந்தவர் ஒரே ஒருவர், மன்றத்தின் நிர்வாகி, திமிங்கிலம். மற்றவர்கள் மீனை வெட்டினால் துடுப்பைச் சுற்றி வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். அவர் வெட்டினால் துடுப்பு கண்ணாடித்தாள் மாதிரி பின்னால் இருப்பதைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவரைப் புகழ்ந்து நாலு வரி எழுதியவருக்கு ஒரு வாரத்தில் படம் கிடைக்கும். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு, "அது கைக்கு வரணும், சொல்லிக் குடுத்தா வராது" என்ற பதில்தான் கிடைக்கும்.

ஆமை என்ற பெயரில் ஒருவர் இருந்தார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வளர்த்தது ஒரே ஒரு சிவப்பு ஃபைட்டர் மீன். அது செத்துப்போனதும், அதன் படத்தைக் கையெழுத்தில் வைத்துத் தரச் சொல்லித் திமிங்கிலத்திடம் ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பதில் வந்தது.

"செத்த மீனுக்கு எதுக்குப் பெரியவரே கையெழுத்து? படமும் ஒரே மங்கல். அடுத்த மீன் வாங்கிட்டு வாங்க, பார்ப்போம்."

கீழே எட்டுப் பேர் சிரித்துவைத்திருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் இதைப் படித்தாள். டப்பாவை மூடி வைத்துவிட்டு ஆமையின் மீன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மங்கல்தான். ஆனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் விரிந்திருந்த அந்தத் துடுப்பு, காற்றில் பறக்கும் தலைமுடி அல்லாமல் வேறென்ன?

"அண்ணே, நாம முடி பிரிக்கிறதை ஊருக்கெல்லாம் சொன்னா உங்களுக்கு வருத்தமா?" என்று போட்டோக்காரரிடம் கேட்டாள்.

"உனக்கு நான் ஒரே சாயங்காலத்துல சொல்லிக் குடுத்தேன். அதுல என்ன ரகசியம் இருக்கு?" என்றார் அவர்.

அன்றைக்கே எழுதினாள். படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படம் ஒளிந்திருக்கிறது. சிவப்பு மீனைப் பச்சைக்குள் பார்த்தால் கரியாகத் தெரியும். அதை நகலெடுத்து, கறுப்பை இன்னும் கறுப்பாக்கி, வெளுப்பை இன்னும் வெளுப்பாக்கி, கறுப்பையும் வெளுப்பையும் இடம் மாற்றி, பின்னணியை மறைக்கும் மாஸ்க்காக மாட்டினால் மீன் தனியே வந்துவிடும். நடுவில் சாம்பலாக நிற்கும் இடம்தான் துடுப்பு, அதில் மட்டும் கை வைக்காதீர்கள். படிப்படியாகப் படம் போட்டு விளக்கியிருந்தாள். ராத்திரிக்குள் நாற்பது பேர் நன்றி சொன்னார்கள்.

காலையில் பதிவைக் காணோம். திமிங்கிலத்திடமிருந்து தனிக்கடிதம் வந்திருந்தது.

"சகோதரி, பயிற்சிப் பதிவு போடும் உரிமை நிர்வாகத்துக்கு மட்டுமே. விதி பதினேழு."

"நேத்து வரைக்கும் பதினாறு விதிதானே சார் இருந்துச்சு?" என்று எழுதிவிட்டு அதே பதிவை மறுபடி போட்டாள். தூக்கினார். மூன்றாம் தடவையும் போட்டாள். இன்னொரு தடவை போட்டால் வெளியேற்றப்படுவாள் என்று எச்சரிக்கை வந்தது.

அவள் புருஷன் பேருந்து ஓட்டுகிறவன். நாளெல்லாம் ஒலிப்பான் சத்தம் கேட்டு வீட்டுக்கு வருகிறவனுக்குச் சண்டை என்றாலே ஆகாது.

"விட்டுத் தொலையேன். மீன் படத்துக்கா இந்தப் பாடு?"

"படத்துக்கில்லங்க. வயசான மனுஷன், ஆசையா ஒண்ணு கேட்டாரு. எட்டுப் பேர் சிரிக்கிறாங்க. சொல்லிக் குடுத்தா தீந்துடுமா அது?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "அப்ப விதியைப் படிச்சுப் பாரு. போக்குவரத்து விதியை எழுதுனவனே ஒரு சந்து விட்டுவெச்சிருப்பான்."

படித்தாள். கையெழுத்துப் படத்துக்கு அகலம், உயரம், கோப்பின் அளவு சொல்லியிருந்தார்கள். ஆபாசம் கூடாது, விளம்பரம் கூடாது. உள்ளே பாடம் கூடாது என்று யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

பாடத்தை ஐந்தாக நறுக்கினாள். ஐநூறுக்கு நூற்றைம்பதில் ஒரு மீன், ஒரு படி, கீழே இரண்டு வரி. முதல் துண்டைத் தன் கையெழுத்தாக வைத்தாள். கையெழுத்தை மாற்றினால் பழைய பதிவுகளுக்குக் கீழேயும் அது மாறிவிடும். ஆயிரத்து இருநூறு பதிலுக்குக் கீழும் பாடம் வந்து உட்கார்ந்தது. வால் அழுகலுக்கு மருந்து தேடி வந்தவனும் துடுப்பு பிரிக்கக் கற்றுக்கொண்டு போனான். இரண்டு நாளுக்கு ஒரு துண்டு மாற்றினாள்.

ஐந்தாவது துண்டு ஏறிய அன்று திமிங்கிலம் விழித்துக்கொண்டார். அவள் பெயருக்குக் கீழே, "இந்த உறுப்பினரின் கையெழுத்து நிர்வாகத்தால் நீக்கப்பட்டது" என்று விழுந்தது.

அரை மணி நேரத்தில் ஆமையின் பதிவுகளுக்குக் கீழே மூன்றாம் பாடம் முளைத்தது. அப்புறம் யாரோ ஒரு நர்ஸ், முதல் பாடம். அன்று சாயங்காலத்துக்குள் முப்பது பேர். சிரித்த எட்டுப் பேரில் இரண்டு பேரும் அதில் அடக்கம். திமிங்கிலம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, ஆத்திரத்தில் மன்றம் முழுவதற்கும் கையெழுத்தையே நிறுத்தினார். அவர் செய்துகொடுத்த படங்களும் அதோடு போயின. அவருக்கு இத்தனை நாள் ஜால்ரா அடித்தவர்களே, "எங்க படம் எங்க சார்?" என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் எல்லாம் திரும்பி வந்தது. பதினேழாம் விதி சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது.

அவளுடையது மட்டும் திரும்பவில்லை. "பொதுவில் ஒரு வரி மன்னிப்பு எழுதினால் தருகிறேன்" என்று கடிதம் வந்தது.

"நீங்களே வச்சுக்குங்க சார். எனக்கு அது இல்லாமலும் எழுத வரும்" என்று பதில் போட்டாள்.

அந்த வாரமே ஆமை தன் கையால் செய்த படத்தை ஏற்றினார். கருநீலத்தின் மேல் சிவப்பு மீன். துடுப்பின் வழியாக நீலம் தெரிந்தது.

"தங்கச்சி, இடது பக்கம் ஓரத்துல இன்னும் வெள்ளையடிக்குது. அளவு எடுத்துப் பழகின கண்ணு, உறுத்துது."

"மாஸ்க்கை ஒரு புள்ளி உள்ள தள்ளுங்கண்ணே, போயிடும்."

தள்ளினார். போய்விட்டது.

அவள் புதுப் பதிவு ஒன்றைத் திறந்தாள். எழுத்துக்கு நிழல் போடுவது எப்படி என்று தலைப்பு வைத்து, முதல் படியை எழுத ஆரம்பித்தாள். அதற்குள் போட்டோக்காரர் எட்டிப் பார்த்து, ஒரு குடும்பமே சுருட்டை முடியோடு வந்து உட்கார்ந்திருக்கிறது என்றார்.

"அஞ்சு நிமிஷம் உக்காரச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.